இரண்டு வட்டத்தில் ஓர் எட்டு

செப்டம்பர் 1, திங்கள்

இன்று க்ளினிக்கில் ஒன்பது பேர். ஒன்பது பேரிடமும் "ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க" என்று சொன்னேன். பல் டாக்டர் ஊசியைக் கையில் எடுக்கும்போது இந்த வசனத்தைச் சொல்லத்தான் என்னைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். இந்த வசனத்தைச் சொல்கிறவள் எவ்வளவு பெரிய பயந்தாங்கொள்ளி என்று தெரிந்தால் நாற்காலியில் படுத்திருப்பவர்கள் எழுந்து ஓடிவிடுவார்கள்.

சாயங்காலம் பள்ளிவாசலில் கமிட்டிக் கூட்டம். என் வீட்டுக்காரர் இவர்தான் செயலாளர். பஸ் ஓட்டிக் களைத்து வருகிற மனுஷன், இன்றைக்கு வரும்போதே முகமெல்லாம் சிரிப்பு. முடிவாகிவிட்டதாம். 28ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை, பள்ளிவாசல் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கும். எந்த மதக்காரர்களும் வரலாம், சுற்றிப் பார்க்கலாம், மனதில் இருப்பதைக் கேட்கலாம். தெருவில் வீடு வீடாக அழைப்பு போகப்போகிறது. எதிரே இருக்கும் சர்ச்சுக்கு இவரே நேரில் போய்க் கொடுப்பாராம்.

எங்கள் ஜமாஅத்தில் பதினோரு மொழிக்காரர்கள் இருக்கிறோம். பதினோரு மொழியிலும் நல்வரவு எழுதிப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கப்போவது எங்கள் மகள். எனக்குச் செருப்புப் பொறுப்பு. வாங்கி அடுக்கி, டோக்கன் கொடுக்க வேண்டும். "அம்மா செருப்புத் துறை அமைச்சர்" என்று அவள் சிரிக்கிறாள்.

எல்லாம் சரி. வாசலில் ஏன் அவள்? பதினைந்து வயதுப் பிள்ளை. உள்ளே தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிற வேலை இல்லையா?

செப்டம்பர் 8, திங்கள்

இவருக்குக் காலை ஷிஃப்ட். மதிய இடைவேளையில் நான்தான் போய்ப் பள்ளிவாசல் தபால்பெட்டியைத் திறந்தேன். மின்சார பில், ஏதோ பெயின்ட் கடை விளம்பரம், ஒரு வெள்ளைக் கவர். தபால்தலை இல்லை. யாரோ கையால் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள்.

உள்ளே இரண்டே வரி. "28ஆம் தேதி கதவைத் திறக்காதீர்கள். திறந்தால் நடப்பதற்கு நீங்களே பொறுப்பு."

படித்ததும் என்ன செய்தேன்? தெருவை இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒரு பெண் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். அவளைக்கூடச் சந்தேகமாகத்தான் பார்த்தேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இவரிடம் காட்ட வேண்டும். போன வருஷம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த மனுஷன், எப்படிக் காட்டுவது? அது பாதி உண்மைதான். மீதியையும் எழுதிவிடுகிறேன். காட்டினால் இவருடைய பிடிவாதம் இன்னும் ஏறும். "இதுக்காகவே திறக்கணும்" என்பார். அவருக்குப் பக்கத்தில் மகள் போய் நிற்பாள். பிடிவாதத்தில் அவள் அத்தாவைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள்.

கவர் இந்த நோட்டின் பின்னட்டைக்குள் இருக்கிறது.

செப்டம்பர் 9, செவ்வாய்

காட்டவில்லை. நாளைக்குக் கட்டாயம்.

செப்டம்பர் 12, வெள்ளி

காட்டவில்லை. வேறு வழியில் நிறுத்தப் பார்த்தேன். அன்றைக்கு மழை வருமாமே என்றேன். "உள்ளதானே நடக்குது, மழை வந்தா இன்னும் நாலு பேர் ஒதுங்க வருவாங்க" என்றார். கார்பெட் அழுக்காக இருக்கிறது, இதை வைத்துக்கொண்டு விருந்தாளியைக் கூப்பிடுவார்களா என்றேன். உடனே போனை எடுத்து இருபதாம் தேதி கார்பெட் துவைக்க ஆள் ஏற்பாடு பண்ணிவிட்டார். நான் தடுக்கத் தடுக்க ஏற்பாடு பலமாகிறது.

இன்று ஜும்ஆத் தொழுகைக்குப் போனேன். எங்கள் பள்ளிவாசல் முன்னால் மெத்தைக் கடையாக இருந்த கட்டடம். தொழும்போது நோக்கி நிற்கிற கிப்லாத் திசைக்கும் சுவருக்கும் பொருந்தாது. கார்பெட்டின் கோடுகள் அறைக்குக் குறுக்கே சாய்வாக ஓடும், மூலையில் ஒரு முக்கோணம் சும்மா கிடக்கும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

பெண்கள் வரிசை பின்னால், வாசலை ஒட்டி. ஸஜ்தாவில் தலையைத் தரையில் வைக்கும்போது முதுகு வாசலைப் பார்த்திருக்கிறது. இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் அது எனக்குத் தெரிந்தது. கதவு கிறீச்சிட்டது, யாரோ தாமதமாக வந்தவர்தான். அந்த ஸஜ்தாவில் நான் ஒன்றும் ஓதவில்லை. காதை மட்டும் தீட்டிக்கொண்டு கிடந்தேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

செப்டம்பர் 16, செவ்வாய்

யார் என்று தெரிந்துவிட்டது.

எங்கள் க்ளினிக்கில் ஒவ்வொரு முறை வரும்போதும் நோயாளி ஒரு படிவம் நிரப்ப வேண்டும். தேதி, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எதற்காவது ஒவ்வாமை உண்டா என்று. வியாழக்கிழமை வருகிறவர்களின் ஃபைலை இன்று எடுத்து வைத்தேன். பூட்டுக்காரருடைய ஃபைல். ஆகஸ்ட் 18 அன்று வந்திருக்கிறார். 18-8 என்று தேதியில் இரண்டு எட்டு. இரண்டும் வளைத்து எழுதின எட்டு இல்லை. ஒரு வட்டம் போட்டு, அதன் தலையில் இன்னொரு வட்டம். கடிதத்திலும் அப்படித்தான்.

வீட்டில் யார் கண்ணிலாவது படும் என்று கவரைக் கைப்பையில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தேன். அதே எட்டு. பேனாவை அதே மாதிரி அழுத்தி எழுதியிருக்கிறது, தாளின் பின்பக்கம் தடவினால் விரலில் தட்டுப்படுகிறது.

பூட்டுக்காரர் பூட்டு வேலை செய்து ஓய்வு பெற்றவர், பள்ளிவாசல் தெருவில் நான்கு வீடு தள்ளித் தனியாக இருக்கிறார். வெள்ளிக்கிழமை ஆனால் என் வாசலில் கார் நிறுத்திவிடுகிறார்கள் என்று டாக்டரிடம் எத்தனை தடவை புலம்பியிருக்கிறார்! நான் அந்தப் பள்ளிவாசல்காரி என்று அவருக்குத் தெரியாது. முகமூடி, தலையில் தொப்பி, கண் மட்டும்தான் வெளியே. ஊசி என்றால் அவருக்கு உயிர் போகும். ஒவ்வொரு முறையும் இடது கையை நீட்டுவார், நான் பிடித்துக்கொள்வேன். "நீங்க இருந்தாத்தான் சிஸ்டர் எனக்குத் தைரியம்" என்பார்.

இந்தக் கையையா இத்தனை நாள் பிடித்திருந்தேன்?

நோயாளியின் ஃபைலை இப்படிப் பார்ப்பது தப்பு. டாக்டருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். அந்தப் பயமும் சேர்ந்துகொண்டது.

செப்டம்பர் 18, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பூட்டுக்காரர் பத்து மணிக்கு வந்தார். வேர் சிகிச்சை, மூன்று தடவையில் இரண்டாவது. இடது கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன். ஊசி போட்டாயிற்று. மரத்துப்போகட்டும் என்று கன்னத்தில் பஞ்சை அடைத்துவிட்டு, அடுத்த அறையில் ஒரு குழந்தை கத்தியதால் டாக்டர் அங்கே போனார். அறையில் நாங்கள் இரண்டு பேர். அவர் என் கையை விடவில்லை. என் இதயம் அடிப்பது அவர் விரலுக்குக் கேட்கும் போலிருந்தது.

நான் பேசப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. குனிந்து, அவர் காதருகில் சொன்னேன். "இருபத்தெட்டாம் தேதி அந்தக் கதவுகிட்ட நிக்கப்போறது என் பொண்ணு. உங்க கடுதாசி என்கிட்டதான் இருக்கு."

கண் பெரிதாக விரிந்தது. ஏதோ சொல்ல வந்தார், பஞ்சுக்கு மேலே "ங்ங" என்றுதான் வந்தது. நான் கையை உருவிக்கொண்டேன். அவர் விரல்கள் காற்றில் அப்படியே இருந்தன.

டாக்டர் வந்தார். என்ன சார் இவ்வளவு வியர்த்திருக்கு என்றார். தற்காலிகமாகப் பல்லை அடைத்து அனுப்பினார். போகும்போது பாதி முகம் தொங்கிக் கிடக்க, பூட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. குற்றவாளிதான் இப்படிப் போவான் என்று நினைத்தேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

இப்போது அவருக்கு என்னைத் தெரியும். என் மகளையும் தெரியும். நானே காட்டிக் கொடுத்துவிட்டேன். வாசல் கதவைச் சாத்திவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்த்தேன். பூட்டு வேலை தெரிந்தவனுக்கு இது எம்மாத்திரம்?

செப்டம்பர் 23, செவ்வாய்

பூட்டுக்காரர் போன் பண்ணி 25ஆம் தேதி சிகிச்சையை ரத்து செய்துவிட்டார். வேறு தேதியும் கேட்கவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

இனி என்னால் முடியாது என்று இவரிடம் கவரை நீட்டினேன். எல்லாம் சொன்னேன், ஃபைலைப் பார்த்தது, காதில் சொன்னது உட்பட. படித்தார். தண்ணீர் குடித்தார். நான் நெஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், கை அங்கே போகிறதா என்று. போகவில்லை.

"பதினஞ்சு நாள் தனியா வச்சிருந்தியா?" என்றுதான் முதலில் கேட்டார். அதற்கே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்புறம், பூட்டுக்காரர்தான் எழுதினார் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறாய் என்றார். எட்டு என்றேன். கார் நிறுத்துவது பற்றிப் புலம்பியது என்றேன். கடிதத்தைக் கவருக்குள் திரும்ப வைத்துக்கொண்டே சொன்னார்: "என் தாடியப் பாத்துட்டு, அடுத்த பஸ்ல வர்றேன்னு இறங்கிப் போனவங்க எத்தனை பேருன்னு உனக்குத் தெரியும். நீ எட்டப் பாத்துட்டு இறங்குற."

எனக்குக் கோபம் வந்தது. வாசலில் நிற்கப்போவது உங்கள் தாடி இல்லை, என் பிள்ளை என்று கத்தினேன். மகள் அறையிலிருந்து வந்துவிட்டாள். அவளுக்கும் தெரிந்துபோயிற்று.

செப்டம்பர் 24, புதன்

இவர் கடிதத்தைக் காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டு வந்தார். இந்த மாதிரி மாதத்துக்கு நாலு வரும், தொண்ணூறு சதவீதம் வெறும் காகிதம்தான் என்றாராம் அதிகாரி. மீதிப் பத்து சதவீதத்தைப் பற்றி இவர் கேட்கவில்லையா? இரண்டு போலீஸ்காரர்களை அனுப்புவார்களாம். யார் மேலாவது சந்தேகமா என்று கேட்டதற்கு, இல்லை என்று சொல்லிவிட்டார்.

கமிட்டியில் இரண்டு பேர் தள்ளிவைக்கலாம் என்றார்கள். எனக்கு ஒரு நிமிஷம் உயிர் வந்தது. இமாம் நம் மொழி பேசுகிறவர் இல்லை, மற்றவர் மொழிபெயர்த்துச் சொல்லும்வரை தாடியைத் தடவிக்கொண்டு இருந்துவிட்டு, தள்ளிவைத்தால் இன்னொரு தேதிக்கும் இரண்டு வரி எழுத யாருக்கும் கை வலிக்காது என்றாராம். உயிர் வந்த வழியே போய்விட்டது.

மகளிடம் மன்றாடினேன். நீ உள்ளே நில், வேறு யாராவது வாசலில் நிற்கட்டும் என்றேன்.

"வேற யாராவதுன்னா யாரும்மா? அதுவும் ஒரு வீட்டுப் பொண்ணுதானே?"

வெட்கமாக இருந்தது. வெட்கத்தால் பயம் குறையவில்லை.

செப்டம்பர் 27, சனி

எதிர்ச் சர்ச்சிலிருந்து நாற்பது நாற்காலி வந்தது. அந்தச் சர்ச்சின் போதகரம்மாவுக்கு எழுபது வயதாவது இருக்கும். எங்கள் ஆட்களெல்லாம் தரையில் உட்கார முடியாத முட்டிக்காரர்கள், நின்றுகொண்டே உங்கள் இமாமைக் கேட்கச் சொல்கிறீர்களா என்று தானே இரண்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார். கடிதம் பற்றி இவர் முன்கூட்டியே சொல்லியிருக்கிறார், தெரியாமல் யாரையும் கூப்பிடக் கூடாது என்று. அதற்கு அவர், "அப்ப நாளைக்கு நான் சீக்கிரமா வரணும்" என்று மட்டும் சொன்னாராம். நாற்காலிகளை அந்த முக்கோண மூலையில் போட்டோம். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்துகொண்டன.

எனக்குச் சோறு இறங்கவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஒன்றும் நடக்கவில்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன். ஒன்றும் நடக்கவில்லை, ஒன்றும் நடக்கவில்லை.

பத்து மணிக்கு இவர் கதவைத் திறந்தார். மகள் அட்டையைப் பிடித்துக்கொண்டு வாசலில். அவளுக்கு வலப்பக்கம் போதகரம்மா, சொன்னபடி சீக்கிரம் வந்து, யாரும் கேட்காமலே அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். செருப்பு அடுக்கின் பின்னாலிருந்து எனக்குத் தெரிந்தது மகளின் முதுகு மட்டும்தான். ஒவ்வொருவர் உள்ளே வரும்போதும் முதலில் கையைப் பார்த்தேன், அப்புறம் பையை, அப்புறம்தான் முகத்தை. பூட்டுக்காரர் வருகிறாரா என்று பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தது. பதினொன்றரைக்கு ஏதோ வெடித்த மாதிரி சத்தம். எழுந்த வேகத்தில் அடுக்கையே தள்ளிவிட்டேன். நாற்காலி ஒன்று சரிந்து விழுந்திருக்கிறது. அறுபது ஜோடி செருப்பு தரையில் கலந்து கிடக்க, இரண்டு போலீஸ்காரர்களும் குனிந்து எனக்கு ஜோடி சேர்த்துக் கொடுத்தார்கள்.

பயம் கொஞ்சம் விட்டது அப்போதுதான். ஷூ போடாத போலீஸ்காரரைப் பார்த்தால் யாருக்குத்தான் பயம் இருக்கும்? ஒருவர் சாக்ஸில் ஓட்டை.

எல்லோரும் கேட்டது கார்பெட் ஏன் சாய்ந்திருக்கிறது என்றுதான். "சுவத்த மாத்த முடியாது, அதனால நாங்க திரும்பி நின்னுக்கறோம்" என்று மகள் நாற்பது தடவையாவது சொல்லியிருப்பாள். ஒரு தாத்தா இமாமிடம் மரணத்தைப் பற்றிக் கேட்டார், மொழிபெயர்ப்பு முடிவதற்குள் இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். நான்கு மணிக்குக் கதவைச் சாத்தியபோது அடுக்கில் ஒரு செருப்புகூட மிச்சமில்லை.

பூட்டுக்காரர் வரவில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

நேற்று வந்தவர்கள் பதிவேட்டில் தேதி போட்டு ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். இவர் சத்தமாகப் படிக்கச் சொன்னார். நூற்று நாற்பத்தாறு பேர். நூற்று நாற்பத்தாறு தடவை 28.

மூன்றாவது வரியிலேயே என் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒரு வட்டம், அதன் தலையில் இன்னொரு வட்டம். அடுத்த பக்கத்தில் இரண்டு. அதற்கடுத்ததில் நான்கு. எண்ணினேன். பத்தொன்பது பேர். எல்லாம் நடுங்குகிற, அழுத்தி எழுதின முதிய கைகள். தாளின் பின்பக்கம் தடவினால் விரலில் தட்டுப்படுகிறது. அதில் ஒன்று போதகரம்மாவுடையது.

நாற்காலியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். சிரித்தார். "எங்க காலத்துல இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துல எட்ட வளைச்சு எழுதினா அடி விழும். ரெண்டு வட்டந்தான் போடணும்."

தெருவைக் கடந்து வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. வாயில் பஞ்சு அடைத்து, பாதி முகம் மரத்துப்போய், ஊசிக்குப் பயந்து என் கையைப் பிடித்திருந்த மனுஷனிடம் நான் என்ன சொன்னேன்? அவருக்குப் பதில் சொல்லக்கூட வாய் இல்லாத நேரம் பார்த்துச் சொன்னேன்.

அக்டோபர் 1, புதன்

பூட்டுக்காரர் பல்லில் வைத்த தற்காலிக அடைப்பு இரண்டு மூன்று வாரம்தான் தாங்கும். அப்புறம் சீழ் வைக்கும், முகம் வீங்கும். டாக்டர் இரண்டு தடவை போன் பண்ணச் சொன்னார், எடுக்கவில்லை. அவர் பல்லை நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போன வாரம் அவரை நினைத்து. நேரில் போகச் சொல்கிறார் இவர். கூட வாங்க என்றேன். "காதுல சொன்னது நீ. நீதான் போகணும்."

அக்டோபர் 4, சனி

போனேன். கதவில் மூன்று பூட்டு. தட்டிவிட்டு ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. உள்ளே காலடிச் சத்தம். சங்கிலி போட்டபடி நான்கு விரல் அகலத்துக்குக் கதவு திறந்தது. முகமூடி இல்லாமல், தலையில் முக்காடோடு நின்ற என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்கு வாயில் வந்தது அந்த ஒரே வசனம்தான்.

"ஒண்ணும் இல்ல சார், பயப்படாதீங்க."

குரலைக் கேட்டதும் கதவைச் சாத்தப்போனார். இத்தனை வயசில் ஒரு ஆண் என்னைப் பார்த்துப் பயந்து நான் பார்த்ததில்லை. கன்னம் ஒரு பக்கம் லேசாக வீங்கியிருந்தது.

"நான் எந்தக் கடுதாசியும் போடல சிஸ்டர். அன்னைக்கு வாயில பஞ்சு இருந்துச்சு. சொல்ல முடியல."

சங்கிலிக்கு இந்தப் பக்கம் நின்று மன்னிப்புக் கேட்டேன். எட்டு, பதிவேடு, ஃபைல், எல்லாம் சொன்னேன். டாக்டரிடம் சொல்ல வேண்டுமென்றால் சொல்லுங்கள் என்றும் சொன்னேன். அவர் சங்கிலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "எனக்கும் அழைப்பு வந்துச்சு. அந்தக் கதவுக்கு மெத்தைக் கடைக் காலத்துல முதல் பூட்டுப் போட்டவனே நான்தான். பாக்கணும்னு ஆசை. நீங்க சொன்னதுக்கப்புறம், வந்தா பிடிச்சுக் குடுத்துடுவீங்கன்னு வரல."

பல்லை அப்படியே விடாதீர்கள், வியாழன் பத்து மணிக்கு டாக்டர் இருக்கிறார் என்று அட்டையைச் சந்து வழியாக நீட்டினேன். வாங்கிக்கொண்டார். கதவு சாத்தியது. ஒவ்வொரு பூட்டாக விழுகிற சத்தம் கேட்டது.

நம்பினேனா? நம்பினேன். வீடு வந்து சேருவதற்குள் ஒரு தடவை திரும்பியும் பார்த்தேன். பயம் அவ்வளவு சீக்கிரம் வீட்டைக் காலி பண்ணாது.

அந்த இரண்டு வரியை எழுதியவர் யார் என்று போலீஸுக்கும் தெரியவில்லை. ஒருவேளை ஞாயிற்றுக்கிழமை வந்திருப்பாரோ? நானே செருப்பை வாங்கி டோக்கன் கொடுத்திருப்பேனோ?

அக்டோபர் 9, வியாழன்

பத்து மணி. வந்தார்.

நான் டாக்டரிடம் காலையிலேயே ஃபைல் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். முகம் இறுகிப்போனது. யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். வேலை இருக்குமா போகுமா தெரியாது. இன்றைக்கு இருந்தது.

பூட்டுக்காரர் நாற்காலியில் படுத்தார். டாக்டர் ஊசியை எடுத்தார். இடது கை நீளவில்லை, வயிற்றின் மேல் கோத்து வைத்த மாதிரியே இருந்தது. என் வசனத்தைச் சொல்ல வாய் வரவில்லை. கையை மட்டும் நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார், முகமூடிக்கு மேலே என் கண்ணைப் பார்த்தார், திரும்பவும் கையைப் பார்த்தார்.

"நடுங்குது சிஸ்டர்" என்றார். "ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க." பிடித்துக்கொண்டார்.

போகும்போது பாதி வாயால் குழறிக்கொண்டே சொன்னார், பள்ளிவாசல் கதவுப் பூட்டு ரொம்பப் பழசு, ஒரு கம்பி கையில் இருந்தால் எவனும் திறந்துவிடுவான், ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்து மாற்றித் தருகிறேன், வெள்ளிக்கிழமை என் வாசலில் கார் நிறுத்தாமல் மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று.

இவரிடம் சொன்னேன். மகளிடம் சொன்னேன். ஞாயிறு காலை வாசலில் தான்தான் நிற்பேன் என்கிறாள். சரி என்று சொல்லிவிட்டேன். அவர் செருப்புக்கு ஒரு டோக்கன் எடுத்து வைத்திருக்கிறேன்.